தேடலில் தளம் இறங்கிவிட்டால்: அறிகுறி வாரியாகக் காரணம் கண்டு சரிசெய்யும் முறை

வடசென்னையில் சிறு கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் இணையத்தளம் அமைத்துக் கொடுப்பதும், அமைத்தது பழுதானால் பார்ப்பதும் என் வேலை. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் பட்டுச் சேலைக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் ஒருநாள் என்னை அழைத்து, "தம்பி, ஒரு மாசமா கூகுள்ல பாத்துட்டு ஒரு போன்கூட வரல. சைட்டு போயிடுச்சா, இல்ல எவனாவது கைய வெச்சுட்டானா, கொஞ்சம் வந்து பாருப்பா" என்றார். நான் போய்ச் சேர்வதற்குள் அவருடைய மகன் பதற்றத்தில் முகப்பை மாற்றி, தலைப்புகளைத் திருத்தி, அறுபது பக்கங்களை அழித்தும் விட்டிருந்தார். எது நோய், எது மருந்தால் வந்த நோய் என்று பிரித்தறியவே எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. அதனால், தேடல் வரத்து, அதாவது கூகுளில் தேடித் தளத்துக்கு வருவோர் எண்ணிக்கை, விழுந்துவிட்டது என்று யார் சொன்னாலும், காரணம் தெரியும்வரை எதையும் தொட வேண்டாம் என்பதையே முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

எதையும் தொடுவதற்கு முன்

நம் தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்பதைக் கூகுளே காட்டும் கருவியான கூகுள் சர்ச் கன்சோலின் கணக்கு கையில் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க முடியாது. அது இலவசம், ஆனால் கடைக்காரர்களில் பலருக்குத் தம் தளத்தின் கணக்கு யாரிடம் இருக்கிறது என்றே தெரிவதில்லை, ஏனெனில் தளம் செய்து கொடுத்தவர் அதைத் தன் மின்னஞ்சலில் திறந்து வைத்திருப்பார். டொமைன் எனப்படும் தள முகவரியை வாங்கிய இடத்தில், அந்த முகவரியை சர்வரோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவில் ஒரு வரி சேர்த்தால் உரிமையாளர் என்று நிரூபித்துவிடலாம். டொமைனே கடைக்காரர் பெயரில் இல்லையென்றால், தேடலைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் அதை அவர் பெயருக்கு மாற்றுங்கள்.

கணக்கைத் திறந்ததும் செயல்திறன் அறிக்கையில் 16 மாதக் கணக்கு கிடைக்கும். அதில் நான்கு எண்கள் உண்டு: நம் பக்கம் எத்தனை முறை காட்டப்பட்டது என்னும் இம்ப்ரெஷன், எத்தனை பேர் அழுத்தினர் என்னும் கிளிக், இரண்டுக்கும் உள்ள விகிதம், முடிவுகளில் நமக்குக் கிடைத்த சராசரி இடம். இந்த நான்கில் எது முதலில் விழுந்தது, எந்தத் தேதியில் விழுந்தது, எல்லாப் பக்கங்களிலுமா அல்லது ஒரு பகுதியில் மட்டுமா என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கூகுளின் தேடல் நிலவரப் பக்கத்தில், முடிவுகளை வரிசைப்படுத்தும் முறையில் அது செய்யும் பெரிய அப்டேட்டுகள் தொடங்கிய நாளையும் முடிந்த நாளையும் பாருங்கள். கோர் அப்டேட் எனப்படும் பெரிய மாற்றம் ஒன்று நடந்துகொண்டிருந்தால், அது முடிந்து குறைந்தது ஒரு வாரம் ஆகும்வரை எந்த முடிவுக்கும் வரக்கூடாது. அதன் பின், அப்டேட் தொடங்குவதற்கு முந்தைய வாரத்தையும், முடிந்த பிறகு வந்த ஒரு முழு வாரத்தையும் ஒப்பிட வேண்டும். இரண்டாம் இடத்திலிருந்து நான்காம் இடத்துக்கு வந்த பக்கத்தில் எதையும் பிரித்துப் போட வேண்டியதில்லை. நான்காம் இடத்திலிருந்து இருபத்தொன்பதாம் இடத்துக்குப் போன பக்கத்தில்தான் வேலை இருக்கிறது.

அறிகுறி: நேற்று வரை இருந்த தளம் இன்று பெயர் சொல்லித் தேடினாலும் வரவில்லை

அல்காரிதம், அதாவது முடிவுகளை வரிசைப்படுத்தும் கூகுளின் கணக்குமுறை, மாறினால் ஒரு தளம் இறங்கும். கடையின் சொந்தப் பெயருக்கே வராதபடி ஒரே இரவில் துடைத்தெறிவது அரிது. ஆகவே இங்கே முதல் சந்தேகம் நம் பக்கத்துக் கோளாறாகத்தான் இருக்க வேண்டும். தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸில் செய்த தளமாக இருந்தால், அமைப்புகளில் ரீடிங் என்ற பக்கத்தின் அடியில், இந்தத் தளத்தை இண்டெக்ஸ் செய்ய வேண்டாம், அதாவது தேடல் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று தேடுபொறிகளைக் கேட்டுக்கொள்ளும் ஒரு சிறு கட்டம் இருக்கும். தளத்தைப் புதுப்பிக்கும்போது அதில் டிக் போட்டுவிட்டு, வேலை முடிந்தபின் எடுக்க மறந்துவிடுகிறார்கள். நான் பார்த்த ‘தண்டனைகளில்’ பல அந்த ஒரு டிக்தான். அடுத்து, எந்தப் பக்கங்களுக்குள் வரலாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பு, டொமைன் புதுப்பிப்புத் தேதி, சர்வர் பதில் தருகிறதா என்பன. இவை சரியாக இருந்தால், சர்ச் கன்சோலில் மேனுவல் ஆக்ஷன் பக்கத்தைத் திறவுங்கள்.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேனுவல் ஆக்ஷன் என்பது கூகுள் ஊழியர் ஒருவர் தளத்தைப் பார்த்து எடுத்த நடவடிக்கை. அதற்கு அறிவிப்பு வரும், குறையைச் சரிசெய்தபின் மறுபரிசீலனை கேட்டு விண்ணப்பிக்கலாம். அல்காரிதத்தால் வந்த இறக்கத்துக்கு அறிவிப்பும் கிடையாது, மேல்முறையீடும் கிடையாது. இது தெரியாத கடைக்காரர்களிடம், கூகுளில் பேசித் தண்டனையை நீக்கித் தருகிறோம் என்று பணம் வாங்கிப் போனவர்களை நான் அறிவேன். மேனுவல் ஆக்ஷன் பக்கத்தில் பச்சை நிற டிக் இருந்தால், நீக்குவதற்கு அங்கே ஒன்றுமில்லை. யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

அறிகுறி: இம்ப்ரெஷன் சரிந்தது, இடம் அப்படியே இருக்கிறது

தேடுபவர் குறைந்துவிட்டார் என்பதே பெரும்பாலும் இதன் பொருள். காசிமேடு மொத்த மீன் விலையை அன்றாடம் பதிவிடும் தளம் ஒன்றை நான் கவனித்து வருகிறேன். 2024 ஏப்ரலில் அதன் வரத்து திடீரென்று இறங்கியது. அந்த ஆண்டின் மார்ச் கோர் அப்டேட் மார்ச் 5 அன்று தொடங்கி ஏப்ரல் 19 வரை நீடித்தது என்பதால், தளத்தை நடத்துபவர் அதன் மேல் பழியைப் போட்டார். ஆனால் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 அன்றே தொடங்கிவிட்டது; ஜூன் 14 வரை விசைப்படகுகள் துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும், ஏலக்கூடத்துக்கு வரத்தும் குறைவு, விலை தேடுபவரும் குறைவு. முந்தைய ஆண்டு இதே வாரங்களின் கணக்கை எடுத்துப் பார்த்தபோது அதே பள்ளம் அங்கேயும் இருந்தது. சராசரி இடம் இரண்டு ஆண்டிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. தடை முடிந்து படகுகள் கடலுக்குப் போனபின் வரத்தும் திரும்பியது. அந்த இரண்டு மாதத்தில் அவர் தளத்தைப் பிரித்துப் போட்டிருந்தால், இல்லாத நோய்க்கு அறுவை சிகிச்சை செய்த கதையாகியிருக்கும். சேலைக் கடைக்கு ஆடி, மார்கழி; பள்ளிச் சீருடைக் கடைக்கு ஜூன் கழிந்த மாதங்கள் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு தடைக்காலம் உண்டு.

இம்ப்ரெஷன் சரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2025 செப்டம்பரில், ஒரே பக்கத்தில் நூறு முடிவுகளை வரவழைக்கும் வசதியைக் கூகுள் நிறுத்தியது. ரேங்க் பார்க்கும் மென்பொருள்கள் அந்த வசதியைக் கொண்டு நம் பக்கங்களையும் ‘பார்த்து’ வந்தன; அவை நின்றதும் டெஸ்க்டாப் இம்ப்ரெஷன் குறைந்து, சராசரி இடம் உயர்ந்ததுபோல் பல தளங்களில் தெரிந்தது. கிளிக் குறையாதவரை அது இழப்பே அல்ல.

அறிகுறி: அப்டேட் காலத்திலிருந்து தளம் முழுவதும் மெல்ல மெல்ல இறங்குகிறது

எம்.சி. ரோட்டுச் சேலைக் கடைக்கு இருந்தது இதுதான். நல்ல பக்கம், கெட்ட பக்கம் என்ற வேறுபாடின்றி எல்லாம் கீழே போயிருந்தன. இடமும் போயிருந்தது, கிளிக்கும் போயிருந்தது. இதற்கான காரணத்தைப் புரிந்துகொள்ள, கூகுள் தரத்தை எப்படி அளக்கத் தொடங்கியது என்பதைச் சற்றுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2011 பிப்ரவரியில் பாண்டா என்று பின்னாளில் அறியப்பட்ட மாற்றம் அமெரிக்காவில் வந்தது. அங்கே நடந்த தேடல்களில் 11.8 சதவீதத்தை அது கவனிக்கத்தக்க அளவில் பாதித்தது. அந்தப் பெயர் நவ்நீத் பாண்டா என்ற பொறியாளரின் பெயரிலிருந்து வந்தது. அதுவரை ஒரு பக்கம் அந்தப் பக்கத்தின் பலத்தில் நின்றது. பாண்டாவுக்குப் பிறகு, ஒரு தளத்தில் தரமற்ற பக்கங்கள் மலிந்தால் அதே தளத்தின் நல்ல பக்கங்களும் சேர்ந்து இழுபடும் நிலை வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சீனம், ஜப்பானியம், கொரியம் தவிர்த்த மற்ற மொழிகளுக்கும் அது விரிந்தபோது தமிழும் அதற்குள் வந்தது. 2016இல் பாண்டா கூகுளின் மைய அல்காரிதத்தில் கலந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. 2022 ஆகஸ்டில் ஆங்கிலத்துக்கு வந்த ஹெல்ப்ஃபுல் கன்டென்ட் அப்டேட், அந்த டிசம்பரில் எல்லா மொழிகளுக்கும் வந்தது. தேடுபொறிக்காக எழுதப்பட்டவை எவை, மனிதருக்காக எழுதப்பட்டவை எவை என்று தளம் முழுவதையும் வைத்து எடைபோடுவது அதன் வேலை. 2024 மார்ச்சில் அதுவும் மைய அல்காரிதத்துக்குள் போய்விட்டது. அந்த மாற்றங்களின் விளைவாகத் தரமற்ற, சொந்தச் சரக்கில்லாத முடிவுகள் 45 சதவீதம் குறைந்ததாகக் கூகுள் பின்னர் தெரிவித்தது. அதனால், ‘எந்த அப்டேட் என் தளத்தை அடித்தது’ என்று பெயர் தேடுவதில் இன்று பெரிய பயனில்லை. தளத்தில் எவ்வளவு பதர், எவ்வளவு நெல் என்று பார்ப்பதுதான் வேலை.

சேலைக் கடைத் தளத்தில் விற்பனைப் பக்கங்கள் நாற்பது இருந்தன. அவற்றோடு, கட்டுரைக்கு இவ்வளவு என்று பேசி விலைக்கு வாங்கிய இருநூறுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருந்தன: ‘பட்டுச் சேலை என்றால் என்ன’, ‘பட்டுச் சேலையின் நன்மைகள்’, ‘பட்டுச் சேலை அணிவதன் பத்துப் பயன்கள்’. ஒன்றைப் படித்தவர் மற்றொன்றைப் படிக்க வேண்டியதில்லை. உண்மையில் முதல் ஒன்றையும் படிக்க வேண்டியதில்லை. கடையில் எவரும் எந்தக் காலத்திலும் கேட்காத கேள்விகளுக்கு, சேலையைக் கையால் தொட்டிராத ஒருவர் எழுதிய பதில்கள் அவை.

நான் கடையில் உட்கார்ந்திருந்த ஒரு மாலையில், திருவொற்றியூரிலிருந்து ஒரு தாயும் மகளும் முகூர்த்தச் சேலை எடுக்க வந்தார்கள். "இது நெஜ ஜரிகைதானாண்ணே?" என்று அந்த அம்மா கேட்டார். பெரியவர் ஒன்றும் பேசாமல் பழைய சேலைத் துண்டு ஒன்றை எடுத்து, ஜரிகையை நகத்தால் மெல்லச் சுரண்டி, உள்ளிருந்து எட்டிப் பார்த்த சிவப்புப் பட்டு நூலைக் காட்டினார். அடுத்து ஒரு சேலையைப் பின்பக்கம் திருப்பி, கரையும் உடலும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும் கோர்வை இணைப்பின் மேல் விரலை வைத்து, "இங்க தொட்டுப் பாரும்மா, இந்த இடம்தான் தறிக்காரன் கைவேலை" என்றார். பிறகு ரவிக்கைத் துணி சேலையோடு சேர்ந்த நீளமா, தனியா என்பதை, அவர்கள் கேட்காமலேயே விளக்கினார். அந்த இருபது நிமிடத்தில் அவர் சொன்னவற்றில் ஒரு வரிகூட இருநூறு கட்டுரைகளில் எங்கும் இல்லை. அப்போதே தளத்தின் குறை எனக்கு முழுமையாக விளங்கியது. அனுபவம், நிபுணத்துவம், மதிப்பு, நம்பகம் என்று கூகுளின் தர மதிப்பீட்டு வழிகாட்டி நான்கைச் சொல்கிறது. அவற்றுள் அனுபவம் 2022 டிசம்பரில் சேர்க்கப்பட்டது. கல்லாவுக்குப் பின்னால் ஐம்பது ஆண்டாக உட்கார்ந்திருந்த அந்த அனுபவத்தைத் தளத்துக்குள் விடாமல் வெளியே நிறுத்தி வைத்திருந்தோம்.

செய்ய வேண்டியது இது. தளத்தின் எல்லாப் பக்கங்களையும் ஒரு விரிதாளில் இறக்கி, ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு வருட கிளிக்கை எழுதி, பிறகு ஒவ்வொன்றையும் கண்ணால் படியுங்கள். எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கடைக்கு வரும் வழியும் பேருந்து நிறுத்தமும் சொல்லும் பக்கத்துக்கு ஆண்டுக்கு முப்பது கிளிக்தான் வரும், ஆனால் அந்த முப்பது பேரும் கடைக்கு வருபவர்கள். ஒரே விஷயத்தைப் பலவாறு சொல்லும் பக்கங்களை ஒன்றாகச் சேர்த்து எழுதி, மற்றவற்றிலிருந்து அதற்கு 301 எனப்படும் நிரந்தர வழிமாற்றம் கொடுங்கள். காப்பாற்ற ஒன்றுமில்லாத பக்கங்களை அழித்து, பக்கம் இல்லை என்று சொல்லும் 404 அல்லது 410 பதில் வரும்படி விடுங்கள். முகப்புக்கு வழிமாற்றி ஒளித்துவைக்க வேண்டாம். வாடிக்கையாளருக்குத் தேவைப்பட்டும் தேடலில் வரத் தேவையில்லாதவற்றுக்கு நோஇண்டெக்ஸ் குறி இடுங்கள். அப்படிக் குறியிட்ட பக்கத்தை ரோபோட்ஸ் கோப்பில் தடுத்துவிடக் கூடாது, ஏனெனில் உள்ளே வர முடியாத கூகுள் அந்தக் குறியைப் படிக்கவும் முடியாது. தேடலிலிருந்து ஒரு பக்கத்தை மறைக்கும் சர்ச் கன்சோலின் ரிமூவல்ஸ் கருவியை நிரந்தரத் தீர்வு என்று எண்ண வேண்டாம். அது ஏறத்தாழ ஆறு மாதம் மறைத்து வைக்கும், அவ்வளவுதான்.

செய்யக் கூடாதவையும் உண்டு. உள்ளே எதையும் மாற்றாமல் தேதியை மட்டும் புதிதாக்குவது, ஆயிரம் வார்த்தை வேண்டுமென்று நீட்டி முழக்குவது ஆகிய இரண்டையும் விட்டொழியுங்கள். கூகுளுக்குப் பிடித்த வார்த்தை எண்ணிக்கை என்று ஒன்று இல்லை என்பதை அந்நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. சேலைக் கடையின் இருநூற்றுச் சொச்சம் கட்டுரைகள் இன்று பதினான்கு பக்கங்களாக இருக்கின்றன. அவற்றில் நீளமானது ஜரிகையைப் பற்றியது, பெரியவரின் விரல் தெரியும் ஏழு புகைப்படங்களுடன்.

அறிகுறி: ஊர்ப்பெயர் மட்டும் மாறும் பக்கங்கள் ஒன்றாக விழுந்தன

இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். தண்டையார்பேட்டையில் ஏசி பழுது பார்க்கும் ஒருவருக்கு, ராயபுரம், வியாசர்பாடி, பெரம்பூர், கொடுங்கையூர், மணலி, எண்ணூர் என்று முப்பத்தெட்டுப் பகுதிகளுக்கு முப்பத்தெட்டுப் பக்கங்கள் செய்துகொடுத்தேன். வாசகம் ஒன்றே, ஊர்ப்பெயர் மட்டும் வேறு. ஓராண்டு அவை நன்றாக ஓடின. பிறகு ஒரே கோர் அப்டேட்டில் மொத்தமாகப் படுத்துவிட்டன. தேடுபவரை எந்த வாசலில் நுழைந்தாலும் ஒரே அறைக்குக் கொண்டுபோகும் இத்தகைய பக்கங்களை டோர்வே பக்கங்கள் என்பார்கள். 2015 மார்ச்சிலேயே அவற்றுக்கெதிரான நடவடிக்கையைக் கடுமையாக்குவதாகக் கூகுள் அறிவித்திருந்தது. எனக்கு அது தெரிந்தும் இருந்தது. அவர் பிழைப்பு அதில் இருந்ததால், இன்றும் அதை நினைத்து வருந்துகிறேன்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. இரண்டு பக்கங்களை அருகருகே திறந்து, ஊர்ப்பெயரை விரலால் மறைத்துக்கொண்டு படியுங்கள். எது எந்த ஊர் என்று சொல்ல முடியவில்லையென்றால் இரண்டில் ஒன்று வேண்டாம். சரிசெய்ய, நாங்கள் முப்பத்தெட்டையும் எடுத்துவிட்டு, எந்தெந்தப் பகுதிக்கு எத்தனை மணிக்குள் வர முடியும் என்று உள்ளபடி சொல்லும் ஒரே பக்கத்துக்கு வழிமாற்றினோம். பிறகு அவரோடு நான் நாலைந்து நாள் வண்டியில் சுற்றினேன். எண்ணூர்க் கடலோர வீடுகளில் வெளி யூனிட்டின் அலுமினியத் தகடுகள் உப்புக்காற்றில் பொடிந்து உதிர்வதையும், மின்ட் தெருப் பக்கத்துச் சந்துகளில் வெளி யூனிட்டைப் பொருத்தவே இடமில்லாமல் மாடிக்குக் குழாய் இழுக்க வேண்டியிருப்பதையும் அப்போதுதான் பார்த்தேன். எண்ணூருக்கென்று ஒரு பக்கம் இருக்கலாமா என்றால், உப்புக்காற்றைப் பற்றி எழுத இவ்வளவு இருக்கும்போது தாராளமாக இருக்கலாம். அருகிலிருப்பவர் தேடலில் தெரிவதற்கு, கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலில் பெயர், முகவரி, தொலைபேசி எண், வேலை நேரம் ஆகியவை தளத்தில் இருப்பதோடு எழுத்துப் பிசகாமல் ஒத்திருப்பது, முப்பத்தெட்டுப் பக்கங்களைவிட அதிகம் உதவுகிறது.

அறிகுறி: ஆயிரக்கணக்கில் பக்கம் இருக்கிறது, இண்டெக்ஸில் நூறுகூட இல்லை

பக்கங்களின் இண்டெக்ஸ் அறிக்கையில் ‘கிரால்டு, கரண்ட்லி நாட் இண்டெக்ஸ்டு’ என்ற வரியின் எதிரில் பெரிய எண் இருந்தால், கூகுள் வந்து படித்துவிட்டு எடுத்து வைக்கத் தேவையில்லை என்று திரும்பிப் போயிருக்கிறது என்று பொருள். ‘டிஸ்கவர்டு’ என்று தொடங்கும் வரியானால், முகவரி தெரிந்தும் இன்னும் வந்தே பார்க்கவில்லை. ஒரே குறிச்சொல் இட்ட கட்டுரைகளைத் தொகுக்கும் டேக் பக்கங்கள், தேதி வாரிப் பக்கங்கள், தளத்துக்குள் தேடியதன் முடிவுப் பக்கங்கள் ஆகியவை அந்த எண்ணில் சேர்ந்திருப்பது இயல்பு; அதற்காகக் கவலைப்பட வேண்டாம். கட்டுரைப் பக்கங்களே அங்கு குவிந்திருந்தால் கவலைப்பட வேண்டும்.

தளங்களில் விளம்பரம் இட்டுப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் 2018இல் தமிழை ஏற்றுக்கொண்டபின், விளம்பர வருமானத்தை எண்ணி ராசிபலன், நடிகர் வயது, அரசு வேலைச் செய்தி என்று பலர் தளம் தொடங்கினார்கள். அதில் தவறில்லை. ஆனால் ஆங்கிலப் பக்கங்களை இயந்திரத்தில் போட்டு எடுத்து நாளுக்கு நூறு பக்கம் ஏற்றியவர்களை 2024 மார்ச்சில் வந்த புதிய ஸ்பேம் விதி நேரடியாகத் தொட்டது. மொத்தமாகப் பக்கம் பெருக்கித் தேடல் முடிவை நிரப்புவதை அது தடுக்கிறது. எழுதியது மனிதனா, மென்பொருளா என்பது அந்த விதிக்கு முக்கியமல்ல. ஆகவே ஏஐ கருவியைப் பயன்படுத்தினால் தண்டனை என்று பயப்படவும் வேண்டாம், கையால் எழுதினோம் என்பதாலேயே பாதுகாப்பு என்று நம்பவும் வேண்டாம். என் சோதனை பழையது: பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எழுவாயும் பயனிலையும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு நின்றால், படிப்பவரும் நிற்க மாட்டார்.

தமிழ்த் தளங்களுக்கே உரிய இரண்டு கோளாறுகளையும் இங்கே பார்த்துவிட வேண்டும். பழைய பக்கங்கள் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் இருந்தால், நமக்குத் தமிழாகத் தெரிவது தேடுபொறிக்கு வெறும் ஆங்கிலக் குறிகளின் குப்பை. உரையை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். அச்சகத்தில் செய்த துண்டறிக்கையைப் படமாக ஏற்றிவிட்டு, அடியில் ஒரு வரிகூட எழுதாமல் விட்ட பக்கங்களும் இப்படியே வெறுமையாகத் தெரியும்.

அறிகுறி: விலைக்கு வாங்கிய லிங்குகளால் ஏறிய தளம் இறங்கிவிட்டது

2012 ஏப்ரலில் கூகுளில் வந்த பெங்குயின் என்ற மாற்றம், பிற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்புகளான லிங்குகளைப் போலியாகச் சேர்த்து உயர்ந்த தளங்களைக் கீழே தள்ளியது. ஆங்கிலத் தேடல்களில் ஏறத்தாழ 3.1 சதவீதம் அதனால் மாறியது. 2016 செப்டம்பருக்குப் பிறகு அது அத்தகைய லிங்குகளின் மதிப்பைக் கழிப்பதோடு பெரும்பாலும் நின்றுகொள்கிறது. எனவே நீங்கள் இழந்தது தண்டனையால் போனதல்ல, இரவலாக வந்த உயரம் திரும்பப் போயிருக்கிறது. லிங்குகளை மறுக்கும் டிஸ்அவாவ் கருவியை, லிங்குக்காக மேனுவல் ஆக்ஷன் வந்தவர்களும் வருமென்று நியாயமாக அஞ்சுபவர்களும் பயன்படுத்தினால் போதும். தெரியாத்தனமாக நல்ல லிங்குகளையும் அதில் சேர்த்துவிட்டால் இழப்பு நமக்குத்தான்.

இதன் உறவினர்கள் இருவர். காலாவதியான பழைய டொமைனை, அதன் பெயருக்காக மட்டும் வாங்கித் தொடர்பற்ற பக்கங்களை ஏற்றுவது ஒன்று. நம் நற்பெயரின் நிழலில் வேறொருவரின் பக்கங்களை வாடகைக்கு வைப்பது மற்றொன்று. உள்ளூர்ச் செய்தித் தளம் ஒன்று மாத வாடகைக்கு ஆசைப்பட்டு, ரம்மி விளையாட்டுக்கும் உடனடிக் கடனுக்கும் ஒரு பகுதியை ஒதுக்கியதை நான் பார்த்தேன். 2024 மே மாதத்திலிருந்து இதற்குக் கூகுள் மேனுவல் ஆக்ஷன் எடுக்கிறது. அந்தப் பகுதியை முற்றிலும் எடுத்துவிட்டோ, நோஇண்டெக்ஸ் குறி இட்டோ மறுபரிசீலனை கேட்க வேண்டும்.

அறிகுறி: நம் தளத்தின் பெயரில் ஜப்பானிய எழுத்தும் மாத்திரை விற்பனையும் வருகின்றன

தளம் கைப்பற்றப்பட்டிருக்கிறது. சைட் என்ற ஆங்கிலச் சொல்லும் முக்காற்புள்ளியும் இட்டு, இடைவெளியின்றித் தள முகவரியைச் சேர்த்துக் கூகுளில் தேடினால், நீங்கள் எழுதாத பக்கங்கள் வெளிப்படும். நேரே திறந்தால் தளம் ஒழுங்காகத் தெரியும், தேடல் முடிவிலிருந்து போனால் மட்டும் வேறெங்கோ கொண்டுபோகும் என்பதால், கைப்பேசியில் தேடல் வழியாகவும் திறந்து பாருங்கள். பணம் கொடுக்காமல் இறக்கிய திருட்டு பிளகின்களும் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்கள்) தீம்களுமே (தளத்தின் தோற்ற வடிவமைப்புகள்) நான் கண்டவரை அவர்கள் நுழையும் பெரும்பாலான வழி. சுத்தமான பழைய நகலைக் கொண்டு தளத்தை மீட்டு, எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றி, தெரியாத பயனர்களை நீக்கி, சர்ச் கன்சோலின் உரிமையாளர் பட்டியலில் அந்நியர் எவரேனும் நுழைந்திருக்கிறாரா என்றும் பாருங்கள். கடைசியில் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அறிகுறி: இடமும் இம்ப்ரெஷனும் இருக்கின்றன, கிளிக் மட்டும் இல்லை

முடிவுப் பக்கத்தின் தோற்றம் மாறியிருக்கிறது. முடிவுகளுக்கு மேல் கூகுளே சுருக்க விடை காட்டும் ஏஐ ஓவர்வியூ 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்தபின், பொதுவான கேள்விகளுக்கு மேலேயே விடை கிடைத்துவிடுகிறது. ‘பட்டுச் சேலை என்றால் என்ன’ என்ற பக்கத்துக்கு இனி கிளிக் வராது. அதை மீட்க முயல்வதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். விலை, இருப்பு, படம், நேரில் வரும் வழி ஆகியவற்றைத் தேடுபவர் இன்னும் அழுத்தி உள்ளே வருகிறார். தலைப்பு ஒன்றைச் சொல்லிப் பக்கம் வேறொன்றைச் சொன்னாலும் இந்த அறிகுறி வரும் என்பதால், தலைப்புகளையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். வேகத்தைப் பற்றி அதிகம் கேட்கிறார்கள்: முதன்மைப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிவதும், தொட்டால் 200 மில்லிநொடிக்குள் பதில் வருவதும் நல்ல அளவு. ஆனால் வேகமாகத் திறக்கும் வெற்றுப் பக்கம் வெற்றுப் பக்கம்தான். இதை முதல் மருந்தாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அறிகுறி: எல்லாம் திருத்தியும் ஏறவில்லை

தளம் முழுவதையும் பற்றிய மதிப்பீடு மாற, கூகுள் பக்கங்களை மறுபடி வந்து படித்து, மாற்றம் நிலையானது என்று தெளிய வேண்டும். சில திருத்தங்கள் சில நாட்களில் தெரியும். மற்றவற்றுக்குப் பல மாதம் ஆகலாம், அடுத்த கோர் அப்டேட் வரையும் காத்திருக்க நேரலாம், பழைய இடம் அப்படியே திரும்பும் என்ற உறுதியும் இல்லை. இதை வாடிக்கையாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுவது நியாயம். ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு குறித்து வையுங்கள். ஒரே வாரத்தில் பத்தை மாற்றினால் எது பலித்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

சேலைக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் இப்போது நாற்பது பக்க நோட்டு ஒன்று தொங்குகிறது. அழைப்பு வந்த தேதி, அழைத்தவர் கேட்ட பொருள், எதைப் பார்த்து அழைத்தார் என்று அதில் மூன்று பத்திகள் இருக்கின்றன. மாதக் கடைசி ஞாயிறன்று பெரியவரும் நானும் அந்த நோட்டையும் சர்ச் கன்சோல் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்க்கிறோம். அழைத்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டு, தளத்தில் இன்னும் பதில் இல்லாத கேள்வி எதுவோ, அதுவே அடுத்த மாதம் எழுதப்படும் பக்கம்.